அனாமத்துக் கணக்கு

ட்யூரன்மாட் 1958-ல் எழுதிய 'வாக்குறுதி' நாவலுக்கு ஒரு துணைத் தலைப்பு உண்டு. துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கற்பா என்று அதைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கிறிஸ்தவ ஆலயங்களில் இறந்தவரின் ஆத்ம சாந்திக்காக நடத்தும் பூசையின் பெயரைத்தான் அவர் அங்கே பயன்படுத்தியிருந்தார். பூசை நடந்து அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. இறந்தவர் சௌக்கியமாக இருக்கிறார். மாத நாவல்களிலும் தொடர்களிலும் ஒரு பிணம் விழுகிறது, ஒரு கொலைகாரன் அகப்படுகிறான், வாசகன் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

ட்யூரன்மாட்டின் கோபம் இந்த நிம்மதியின் மேல்தான். இந்தக் கதையை அவர் முதலில் ஒரு சினிமாவுக்காக எழுதினார். சிறுமிகளைக் கொல்பவன் ஒருவனைப் போலீஸ் அதிகாரி பொறி வைத்துப் பிடிப்பதோடு படம் முடிகிறது. எழுதியவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். அதே கதையைத் திரும்ப நாவலாக எழுதினார். நாவலில் மத்தேயி என்ற அந்த அதிகாரி, கொல்லப்பட்ட சிறுமியின் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக, ஜோர்டானில் தனக்குக் காத்திருந்த பதவியை உதறிவிட்டுச் சாலையோரத்தில் பெட்ரோல் பங்க் வைத்துக்கொண்டு உட்காருகிறார். கொலைகாரன் இந்த வழியாகத்தான் வருவான் என்பது அவர் கணிப்பு. இன்னொரு சிறுமியைத் தூண்டில் புழுவாக வைத்திருக்கிறார். (இந்த இடத்தில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்ற கோடு கலங்கிப்போவதை ட்யூரன்மாட் சத்தம் போடாமல் செய்திருக்கிறார்.) கணிப்பு முற்றிலும் சரி. கொலைகாரன் காரில் கிளம்பியும் விட்டான். வழியில் விபத்தில் செத்துப்போகிறான். மத்தேயிக்கு இது தெரியாது. குடித்து, புத்தி பேதலித்து, அவன் வருவான் வருவான் என்று வருஷக்கணக்கில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாகக் கிடக்கும் ஒரு கிழவியின் வாய்மொழியாக, கதையின் கடைசியில், நமக்கு மட்டும் உண்மை சொல்லப்படுகிறது.

இந்தக் கடைசிச் சலுகை எதற்காக என்று நான் யோசித்ததுண்டு. மத்தேயியின் தர்க்கம் சரி, உலகம்தான் தர்க்கத்துக்குக் கட்டுப்படவில்லை என்று காட்ட வேண்டுமானால், தர்க்கம் சரிதான் என்பது யாருக்காவது தெரிந்தாக வேண்டும். அந்த யாரோ வாசகன். ஆகவே துப்பறிபவரின் புத்தகத்தில் திறந்து கிடக்கும் கணக்கு வாசகனின் புத்தகத்தில் முடிக்கப்பட்டுவிடுகிறது. இரங்கற்பா பாடியவரும் கடைசியில் சவத்துக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட்டுவிட்டுத்தான் போகிறார்.

அதற்கு நாற்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு வந்த ஒரு கொரியப் படம் இந்தச் சலுகையையும் மறுத்தது. 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', 2003. பாங் ஜூன் ஹோவின் இரண்டாவது படம். பின்னால் 'பாராசைட்' மூலம் உலகமே அறிந்த அதே மனிதர். படம் 1996-ல் மேடையேறிய ஒரு நாடகத்தை ஆதாரமாகக் கொண்டது. நாடகம் நடந்த சம்பவங்களை. ஸியோலுக்குத் தெற்கே, அந்த நாட்களில் வயல்வெளியும் கிராமங்களுமாக இருந்த ஹ்வாசோங் வட்டாரத்தில் 1986-க்கும் 1991-க்கும் இடையில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமி உண்டு, எழுபதைத் தாண்டிய கிழவி உண்டு. 21,000 பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். ஆள் அகப்படவில்லை. படம் எடுக்கப்பட்டபோது நிலைமை இதுதான். அல்லது இதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கொரியத் தலைப்பையும் 'கொலையின் நினைவுகள்' என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும். ஆனால் அங்கே நினைவு என்பதற்குப் போட்டிருக்கும் சொல் பள்ளி நாட்களையும் பழைய காதலையும் அசைபோடும்போது சொல்வது என்கிறார்கள். இனிப்புக் கலந்த சொல். அதைக் கொலையோடு சேர்த்தது பாங் ஜூன் ஹோவின் குசும்பா, குரூரமா என்பது படத்தை ஐந்தாறு தடவை பார்த்த பின்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

ஊர்ப் போலீஸ் டிடெக்டிவ் பார்க் டூ மான். ஸோங் காங் ஹோ நடித்திருக்கிறார். நடித்திருக்கிறார் என்று சொல்வதே அபத்தம், அந்த மனிதர் அந்த ஊரிலேயே பிறந்து கள்ளுக்கடையும் போலீஸ் ஸ்டேஷனுமாகத் திரிந்த ஆள் போலத்தான் இருக்கிறார். படத்தின் தொடக்கத்தில் அவர் வயல்வெளியில் ஒரு சாக்கடை மூடியின் அடியே குனிந்து பார்க்கிறார். உள்ளே கைகள் கட்டப்பட்ட பெண்ணின் பிணம், மேலே எறும்புகள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் அவர் பேசுவதையெல்லாம் அப்படியே திருப்பிப் பேசிப் பழிப்புக் காட்டுகிறான். அதற்கடுத்த கொலை நடந்த இடத்தில் காமிரா வெட்டாமல் நீண்ட நேரம் அவருடனேயே நடக்கிறது. கயிறு கட்டவில்லை, ஊரே கூடியிருக்கிறது, தடயவியல் ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை, வரப்பிலிருந்து ஒவ்வொரு பெரிய மனிதராகச் சறுக்கி விழுகிறார். மண்ணில் பதிந்த ஒரே கால்தடத்தின் மேல் ஒரு டிராக்டர் ஏறிப் போகிறது. சிரிக்காமல் பார்க்க முடியாது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன்.

பார்க்குக்குத் தன் கண்களில் நம்பிக்கை. ஆளை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்கிறார். மேலதிகாரி ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு இளைஞர்களைக் காட்டுகிறார். ஒருவன் பெண்ணைக் கெடுத்தவன், இன்னொருவன் அவனைப் பிடித்து இழுத்து வந்த அவளுடைய அண்ணன். இதில் யார் எது, சொல் பார்ப்போம். காமிரா இருவர் முகத்தையும் காட்டுகிறது. இரண்டும் சாதாரண முகங்கள். விடை சொல்லப்படாமலேயே காட்சி மாறிவிடுகிறது. படத்தின் முழு சாரமும் இந்த ஒரு நிமிஷத்தில் இருக்கிறது என்பேன்.

ஸியோலிலிருந்து வந்து சேரும் ஸோ டே யூன் இதற்கு நேர் எதிர். அவருக்குக் கண்ணில் நம்பிக்கையில்லை, காகிதத்தில்தான். ஆவணம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கோப்புகளைப் புரட்டி, மழை பெய்த இரவுகள், சிவப்பு உடை, கொலை நடக்கும் இரவுகளிலெல்லாம் வானொலியில் யாரோ கேட்டு ஒலிபரப்பாகும் ஒரே பாட்டு என்று சரடுகளைப் பிடிக்கிறார். இருவரும் முட்டிக்கொள்வதும் மெல்ல ஒருவர் மற்றவராக மாறுவதும்தான் கதை. முடிவில் காகிதத்தை நம்பியவர் துப்பாக்கியைத் தூக்குகிறார், அடித்து வாக்குமூலம் வாங்கியவர் காகிதத்தைக் கொண்டுவந்து தடுக்கிறார்.

நான் ஒரு வங்கிக் குமாஸ்தா. இதை இங்கே சொல்ல நேர்வதற்குக் காரணம், கண்ணா காகிதமா என்ற இந்தச் சண்டை என் கவுண்டரில் தினமும் நடப்பது. ஓய்வூதியம் வாங்க வரும் ஒரு கிழவியை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். அவள் மருமகள் பெயர், எந்தக் காலில் வலி, எல்லாம் தெரியும். கல் உடைத்துக் கை ரேகை தேய்ந்துபோனவள். விரலை இயந்திரத்தில் வைத்தால் இது அவள் இல்லை என்கிறது. "பாட்டி, அந்தக் கையை வையுங்க" என்கிறேன். அதுவும் இல்லை. "நான்தான் தம்பி, நல்லாப் பாரு" என்று முகத்தைக் கண்ணாடித் தடுப்புக்குக் கிட்டே கொண்டுவருகிறாள். நன்றாகத்தான் பார்க்கிறேன். என் பார்வைக்கு அந்த அலுவலகத்தில் சட்டபூர்வமான மதிப்பு எதுவும் கிடையாது. எதிர்ப் பக்கமும் உண்டு. கையெழுத்து சரிபார்க்கக் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் சொன்னது: கொஞ்சம் மாறியிருந்தால் பயப்படாதே, மனுஷன் கை அப்படித்தான், மாதிரிக் கையெழுத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போனால் அப்போது சந்தேகப்படு, அது பார்த்து வரைந்ததாக இருக்கும்.

ஸோ டே யூனுக்கு இப்படிச் சொல்லித்தர யாருமில்லை. சந்தேகத்துக்குரிய இளைஞன், மென்மையான கைகளும் பெண்மை கலந்த முகமுமாக, எல்லாச் சரடுகளும் போய்ச் சேரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிணத்தில் கிடைத்த விந்துவின் டி.என்.ஏ. சோதனைக்கு உள்நாட்டில் வசதியில்லை, அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வருவதற்குள் இன்னொரு பள்ளிச் சிறுமி செத்துப்போகிறாள். சில நாட்கள் முன்பு ஸோ தன் கையாலேயே அவள் முதுகுக் காயத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பிணத்தின் மேல் அந்தப் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. ரயில் சுரங்கத்தின் வாயில் மழையில் அந்த இளைஞனை அடித்துப் போட்டு நெற்றியில் துப்பாக்கி வைத்திருக்கும்போது பார்க் ஓடிவருகிறார், கையில் அமெரிக்கத் தபால். தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. பொருந்தவில்லை என்கிறது. ஆவணம் பொய் சொல்லாது என்ற மனிதர் இந்த ஆவணம் பொய் என்கிறார். பார்க் அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்துக் கண்களுக்குள் பார்க்கிறார், பார்க்கிறார், எனக்குத் தெரியவில்லை என்கிறார். பிறகு, சாப்பாடாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்ற அர்த்தத்தில் என்னவோ கேட்டு அவனைப் போகச் சொல்லிவிடுகிறார். திரைக்கதையில் இல்லாத இந்தக் கேள்வியை ஸோங் காங் ஹோ தானாகச் சேர்த்தார் என்பது பிரசித்தம். வேறு பாஷைக்காரர்கள் இந்த இடத்தில் திகைத்துப் போகிறார்களாம். சாப்பிட்டாயா என்று கேட்டே சண்டையையும் துக்கத்தையும் கடக்கும் நமக்கு அதில் விளங்காதது ஏதுமில்லை.

அப்புறம் 2003. பார்க் போலீஸ் வேலையை விட்டு ஜூஸ் மிஷின் விற்கிறார். அந்த வயல் வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி அதே சாக்கடைக்குள் குனிந்து பார்க்கிறார். ஒன்றுமில்லை. வழியில் வந்த ஒரு சிறுமி, கொஞ்ச நாள் முன்னால் இன்னொருவரும் இப்படித்தான் எட்டிப் பார்த்தார், இங்கே ரொம்ப நாள் முன்பு தான் செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது என்றார் என்கிறாள். முகம் எப்படி இருந்தது? சாதாரணமாக இருந்தது என்கிறாள். பார்க் நிமிர்ந்து காமிராவை நேராகப் பார்க்கிறார். படம் முடிகிறது. கொலைகாரன் எங்கேயோ ஒரு தியேட்டரில் உட்கார்ந்து இதைப் பார்ப்பான், அவனை நேருக்கு நேர் பார்க்கத்தான் இந்த ஷாட் என்று பாங் ஜூன் ஹோ பிற்பாடு சொன்னார்.

நம் நண்பர்களுக்கு இந்தப் படம் ஏன் இவ்வளவு பிடித்தது என்பது தெரிந்த விஷயம். முடிவு இல்லை. முடிவு இல்லாததெல்லாம் உயர்ந்தது என்று நமக்குள் ஓர் எழுதப்படாத சட்டம் இருக்கிறது. சிறுகதையின் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு அதை நவீனம் என்று அச்சுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். சங்கர்லால் தேநீர் குடித்தவுடன் எல்லா முடிச்சும் அவிழ்வது ஒரு வாய்பாடு என்றால், கடைசியில் ஒருவன் ஜன்னல் வழியே வெறித்துப் பார்ப்பதும் வாய்பாடுதான். முன்னது வாசகனைத் தூங்க வைக்கிறது, பின்னது அவனைத் தன்னைப் பற்றியே பெருமைப்பட வைக்கிறது. பாங் ஜூன் ஹோவின் முடிவு இந்த ஜாதியைச் சேர்ந்ததில்லை என்று நான் நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். அவர் முடிவை வெட்டவில்லை. வாழ்க்கையில் முடிவு வரவில்லை, ஆகவே படத்திலும் வரவில்லை. அந்த நேர்மைதான் அதன் உக்கிரம்.

2019 செப்டம்பரில் முடிவு வந்துவிட்டது.

பாதுகாத்து வைத்திருந்த பழைய தடயங்களை நவீன முறையில் மறுபடி சோதித்தபோது டி.என்.ஏ. ஒரு பெயரைச் சொன்னது. லீ சுன் ஜே. தேடிப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மனைவியின் தங்கையைக் கெடுத்துக் கொன்ற குற்றத்துக்காக 1994-லிருந்தே அவன் சிறையில் இருந்தான், ஆயுள் தண்டனை. ஹ்வாசோங் கொலைகளின் காலத்திலேயே போலீஸ் அவனை விசாரித்தும் இருக்கிறது. கொலைகாரனின் ரத்த வகை பி என்று அவர்கள் நம்பியிருந்தார்கள், இவனுடையது ஓ. விட்டுவிட்டார்கள். இப்போது அவன் பத்துக் கொலைகளையும் அவற்றோடு இன்னும் நான்கையும் ஒப்புக்கொண்டான். தண்டிக்க முடியாது, ஏனென்றால் வழக்குத் தொடரும் காலவரம்பு, கடைசிக் கொலைக்கும் கூட, 2006-லேயே தீர்ந்துவிட்டது.

நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். படத்தின் மர்மம் போய்விட்டது, பாவம் என்றார் ஒருவர். கலைப் படைப்பு சுயம்புவானது, செய்தித்தாள் அதைத் தொட முடியாது என்றார் இன்னொருவர். இரண்டாமவர் சொன்னது கல்லூரியில் எங்களுக்கு ஆங்கில விமர்சனம் நடத்தியவர்கள் சொன்னதுதான். கவிதை ஒரு ஜாடி, அதற்கு வெளியே எதுவும் கிடையாது. எனக்கு இது எப்போதுமே ஜீரணமானதில்லை. அசல் பிணங்களை எடுத்துக் கையாண்ட படைப்பு அந்தப் பிணங்களின் பிற்காலச் செய்திக்குக் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. அந்தக் கடைசிப் பார்வை 2003-ல் இருட்டுக்குள் எறிந்த கல். 2019-க்குப் பிறகு அது போய் விழுந்த இடம் நமக்குத் தெரியும். 2020 நவம்பரில் சுவோன் நகர நீதிமன்றத்தில் லீ சுன் ஜே சாட்சி சொன்னான். படத்தைப் பார்த்ததாகச் சொன்னான். ஒரு சினிமாவாகப் பார்த்தேன், எந்த உணர்வும் தோன்றவில்லை என்றான். பாங் ஜூன் ஹோ எதிர்பார்த்த முகம், பார்த்ததும் கூசிப்போகும் ஒரு முகம், அங்கே இருக்கவில்லை. அவர் படத்தில் வரும் சிறுமி சொன்ன முகம்தான் இருந்தது. டைரக்டரைவிட அவருடைய பாத்திரம் அதிகம் தெரிந்து வைத்திருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றி அல்ல. லீ சுன் ஜே எதற்காகச் சாட்சிக் கூண்டில் ஏறினான் என்பதைப் பற்றி.

பத்துக் கொலைகளில் எட்டாவது ஒன்று உண்டு. 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டாள். இந்த ஒன்றை மட்டும் போலீஸ் தீர்த்துவிட்டிருந்தது. 1989 ஜூலையில் ஓர் இளைஞனைப் பிடித்தார்கள். வயது 22. விவசாய இயந்திரங்கள் பழுது பார்க்கும் கடையில் வேலை. சிறு வயதில் போலியோ வந்து ஒரு கால் விளங்காதவன். தூங்க விடாமல் விசாரித்தார்கள், ஒப்புக்கொண்டான். வாக்குமூலம் மட்டும் போதாது என்று விஞ்ஞானமும் வந்தது. சம்பவ இடத்தில் கிடைத்த ரோமத்தைக் கதிரியக்க முறையில் சோதித்து அவனுடையதோடு பொருந்துகிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆயுள் தண்டனை. அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று அப்பீலில் சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. இருபது வருஷம் கழித்து, 2009-ல், பரோலில் வெளியே வந்தான். மற்ற ஒன்பது கேஸ்களும் தீராத மர்மமாகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்த வருஷங்கள் முழுவதும் இந்த எட்டாவது, தீர்ந்த கேஸ் என்று ஒரு கட்டுக்குள் கிடந்தது. யாரோ ஒருவன் மற்றவனைப் பார்த்துச் செய்தது என்று சொல்லி அதைத் தனியே ஒதுக்கியிருந்தார்கள். லீ சுன் ஜே ஒப்புக்கொண்ட பதினான்கில் அதுவும் ஒன்று.

வங்கியில் பொருந்தாத பதிவுகளுக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்பது ஆங்கிலப் பெயர். எங்கள் கிளையின் பழைய ஆட்கள் இன்னமும் அனாமத்து என்றுதான் சொல்வார்கள். யாருடைய பணம், எதற்காக வந்தது என்று தெரியாத தொகையை அதில் போட்டுவைப்போம். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். எத்தனை பதிவுகள், எத்தனை நாளாக நிற்கின்றன, ஏன் தீர்க்கவில்லை? மானேஜருக்கு வியர்த்துவிடும். ஒத்துப்போன கணக்குகளை அந்த அளவுக்கு யாரும் புரட்டுவதில்லை. ஆனால் பெரிய மோசடி எது வெளியே வந்தாலும் பின்னோக்கிப் பார்த்தால் அன்றாடக் கணக்கு அத்தனை நாளும் பைசா சுத்தமாக ஒத்துப்போயிருக்கும். ஒத்துப்போக வைப்பதுதானே மோசடி. அனாமத்தில் கிடப்பது குறைந்தபட்சம், நான் இன்னும் யாருடையது என்று தெரியவில்லை என்ற உண்மையையாவது சொல்கிறது.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பற்றி எழுதியவர்கள் (நான் படித்த மட்டில்) அனாமத்துக் கணக்கின் அழகைத்தான் எழுதினார்கள். படமே அதைத்தான் பார்த்தது. இது குற்றச்சாட்டு இல்லை. 2003-ல் பாங் ஜூன் ஹோவுக்கோ வேறு யாருக்குமோ தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் சிறைக்குள். பார்க் டூ மான் நிமிர்ந்து நம்மைப் பார்த்த அந்த வசந்தத்தில் கொலைகாரனும் உள்ளேதான் இருந்தான். செய்யாத கொலைக்காக ஒருவன் தன் பதினான்காவது வருஷத்தில் உள்ளேதான் இருந்தான். அந்தப் பார்வை இருவர் தலைக்கும் மேலாகக் கடந்து போய் தியேட்டரில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் படம் பொய்த்துவிட்டதா? இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. எட்டாவது கேஸ் பெயர் சொல்லாமல் அந்தப் படத்துக்குள்தான் கிடக்கிறது. முதல் பாதியில், நாம் சிரித்துக்கொண்டிருந்த இடங்களில். முகத்தில் தீக்காயத் தழும்புள்ள, புத்தி வளர்ச்சி குறைந்த க்வாங் ஹோவைப் பிடித்து வருகிறார்கள். அவன் ஷூவை வைத்துப் பார்க் தானே மண்ணில் தடம் பதித்துப் படம் எடுத்துச் சாட்சியம் தயாரிக்கிறார். அவன் சொல்ல வேண்டியதை அவனுக்கே சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். நடுவில் எல்லோருமாக நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் போலீஸ் தொடர் பார்க்கிறார்கள், அடித்தவரும் அடிபட்டவனும் சேர்ந்து. கொலைகாரன் ரோமம் எதையும் விட்டுப்போகவில்லை, ஆகவே உடம்பில் ரோமமே இல்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து பார்க் பொதுக் குளியலறைகளில் உட்கார்ந்து ஆண்களை உற்றுப் பார்க்கும் காட்சிக்கு எங்கள் அறையில் ஆறு பேரும் உருண்டு சிரித்தோம். நடந்ததில் ரோமம் கிடைத்தது. அந்த அறிக்கையில் தீர்மானமான பிழைகள் இருந்தன என்று மறுவிசாரணை செய்த நீதிமன்றம் பிறகு சொன்னது.

இந்தச் சிரிப்பைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை. ஹாஸ்யத்தையும் பயங்கரத்தையும் கலந்த மேதைமை என்று பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாங் ஜூன் ஹோ அந்த அடிதடிகளை ஒரு காலத்தின் அசட்டுத்தனமாகக் காட்டுகிறார். சர்வாதிகார ஆட்சி, மாணவர் கிளர்ச்சி, கொலை நடக்கும் இரவில் காவலுக்குப் படை கேட்டால் ஊர்வலத்தை அடக்க அனுப்பிவிட்டோம் என்ற பதில், சைரன் ஊதி ஊரே விளக்கணைக்கும் ஒத்திகை இருட்டில் ஒரு பெண்ணின் சாவு. இவையெல்லாம் படத்தில் அபாரமாக வந்திருக்கின்றன. கள்ளுக்கடைத் தொலைக்காட்சியில், விசாரணையில் ஒரு பெண்ணைச் சித்திரவதை செய்த போலீஸ்காரனைப் பற்றிய செய்தி ஓடும்போது அங்கே கைகலப்பே நடக்கிறது. படத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் படத்தின் கணக்கில் அடிபட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே அனுப்பப்படுகிறார்கள். க்வாங் ஹோ ரயிலில் அடிபட்டுச் சாகிறான், அதுவும் பயந்து ஓடிய விபத்து. ஒருவன்கூட வழக்கில் மாட்டி உள்ளே போவதில்லை. சித்திரவதை பலன் தரவில்லை என்பதுதான் படத்தின் வருத்தம். சித்திரவதை பலன் தந்த ஒரு கேஸ், முழுப் பலன் தந்து, நீதிபதி கையெழுத்தும் விஞ்ஞானியின் முத்திரையுமாகக் கச்சிதமாக முடிந்த ஒரு கேஸ், அந்த ஊரிலேயே இருந்தது.

ட்யூரன்மாட் இதைத் தொட்டிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 'வாக்குறுதி'யில் மத்தேயிக்கு முன்னால் ஒரு நாடோடி வியாபாரி வருகிறான். பிணத்தை முதலில் பார்த்துச் சொன்னவன் அவன்தான், அதனாலேயே சந்தேகம் அவன் மேல். மணிக்கணக்கில் மாற்றி மாற்றி விசாரித்ததில் ஒப்புக்கொள்கிறான், இரவு தூக்குப் போட்டுக்கொள்கிறான். கேஸ் முடிந்தது என்று ஜூரிச் போலீஸ் கோப்பை மூடுகிறது. நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் பெட்ரோல் பங்க்கில் காத்திருக்கும் மத்தேயியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர் மகத்தான தோல்வி. வியாபாரி நாவலின் பாதிக்கு முன்பே செத்துவிட்ட துணைப் பாத்திரம். துப்பறிபவரின் துயரம்தான் துயரம் என்று ஆகிவிட்டது. இரங்கற்பா யாருக்கு என்பதை நாம் கொஞ்சம் மாற்றி வாசிக்கலாம்.

2020 நவம்பரில் லீ சுன் ஜே கூண்டில் ஏறியது அந்த இளைஞனுடைய, இப்போது ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதனுடைய, மறுவிசாரணையில்தான். குற்றவாளி அல்ல, வெறும் சாட்சி என்பதால் அவனைப் படம் எடுக்க நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. முப்பது வருஷமாக ஒரு நாடே ஊகித்துக்கொண்டிருந்த முகம் அப்படியும் செய்தித்தாளில் வரவில்லை. தான் அகப்படாமல் போனது தனக்கே ஆச்சரியம் என்றான். டிசம்பர் 17-ம் தேதி விடுதலைத் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் மன்னிப்புக் கேட்டது, போலீஸ் மன்னிப்புக் கேட்டது.

இதெல்லாம் தெரிந்த பிறகு படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். சுரங்க வாயிலும் கடைசிப் பார்வையும் முன்பு போலவே நன்றாகத்தான் இருந்தன. நான் நிறுத்திப் பார்த்தது வேறிடம். பார்க்கின் கூட்டாளி சோ, விசாரணை அறைக்குள் ஓடிவந்து உதைப்பதே அவர் வேலை, அடிக்கு முன்னால் தன் பூட்ஸ் மேல் ஒரு துணி உறையை இழுத்து மாட்டிக்கொள்கிறார், உதை விழும் இடத்தில் தழும்பு பதியாமல் இருக்க. (பின்னால் அதே காலில் ஆணி ஏறிச் சீழ் பிடித்து வெட்டி எடுக்கிறார்கள். படத்தில் நீதி என்று ஏதாவது கிடைத்தால் அது அந்த ஒரு துருப்பிடித்த ஆணிதான்.) உறை காலுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அது கடையில் விற்கும் சாமான் இல்லை. யாரோ அளவெடுத்துத் தைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.